எஸ்வி40 டி.என்.ஏ இரட்டிப்பின் தொடக்கம்

எஸ்வி40 டி.என்.ஏ இரட்டிப்பின் தொடக்கம் என்பது சிமியன் தீநுண்மம் 40 (சுருக்கமாக எஸ்வி40) எனப்படும் தீநுண்மத்தின் வளைய வடிவ டி.என்.ஏ, தான் தொற்றிய உயிரணுவின் உட்கருவினுள் இரட்டிக்கத் தொடங்கும் நிகழ்வு ஆகும். இந்நிகழ்வுக்குத் தீநுண்மம் அளிப்பது பெரிய டி புரதம் எனப்படும் ஒரே ஒரு புரதத்தை மட்டுமே. ஏனைய புரதங்கள் அனைத்தும் ஓம்புயிரான குரங்கு அல்லது மனிதனின் உயிரணுவுக்குச் சொந்தமானவை. டி புரதம் தீநுண்ம டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓரிடத்தை அடையாளம் கண்டு, அங்கு இரு இழைகளையும் பிரித்து, உயிரணுவின் இரட்டிப்புப் புரதங்களை ஒவ்வொன்றாக அவ்விடத்திற்கு அழைத்து வருகிறது.

மனித உயிரணு தன் டி.என்.ஏ.வை இரட்டிக்கப் பயன்படுத்தும் புரதங்கள் பலவற்றை அறிவியலாளர்கள் முதன்முதலில் இத்தீநுண்மத்தின் வழியாகவே இனங்கண்டனர். இதனால் எஸ்வி40 இரட்டிப்பு மூலக்கூற்று உயிரியலில் ஒரு மாதிரி அமைப்பாகக் கருதப்படுகிறது.

பின்னணி

டி.என்.ஏ இரு இழைகள் ஒன்றையொன்று சுற்றி அமைந்த ஏணி போன்ற மூலக்கூறு ஆகும். அது இரட்டிக்க வேண்டுமாயின் முதலில் இரு இழைகளும் பிரிய வேண்டும். பின்னர் ஒவ்வோர் இழையையும் அச்சாகக் கொண்டு புதிய இழை உருவாக வேண்டும். புதிய இழையை உருவாக்கும் டி.என்.ஏ பாலிமரேசு நொதிக்கு இரு குறைபாடுகள் உள்ளன. ஒன்று, அது இழைகளைத் தானே பிரிக்க இயலாது. மற்றொன்று, வெறும் அச்சிழையின் மீது புதிய இழையைத் தானே தொடங்க இயலாது. ஏற்கெனவே உள்ள ஓர் இழையின் முனையை நீட்டிக்க மட்டுமே அதனால் இயலும். ஆகவே இழைகளைப் பிரிக்க ஹெலிக்கேசு எனப்படும் நொதியும், குறுகிய தொடக்கி இழையை அமைக்க பிரைமேசு எனப்படும் நொதியும் தேவைப்படுகின்றன. இரட்டிப்பு எங்கே, எப்போது தொடங்க வேண்டும் என்பது இவ்விரு நொதிகளும் எங்கே, எப்போது கொண்டு சேர்க்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது.

மனித உயிரணுவில் இப்பொறுப்பைப் பல புரதங்கள் பகிர்ந்து கொள்கின்றன. தீநுண்மங்களின் மரபணுத்தொகுதியோ மிகச் சிறியது. அத்தனை புரதங்களுக்கான மரபணுக்களையும் அதில் அடக்க இயலாது. எஸ்வி40 இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு, தொடக்கத்திற்கான கட்டளையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு உழைப்பை உயிரணுவிடம் விட்டுவிடுவதாகும்.

எஸ்வி40 தீநுண்மம்

எஸ்வி40 பாலியோமா தீநுண்மக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இயற்கையான ஓம்புயிர் ஆசியாவில் வாழும் செம்முகக் குரங்கு. இதன் துகள் ஏறத்தாழ 45 நானோமீட்டர் விட்டமுடையது. உறையின் முதன்மைப் புரதமான விபி1-இன் 360 மூலக்கூறுகள், ஐந்தைந்தாகச் சேர்ந்த 72 தொகுப்புகளாக அடுக்கப்பட்டுள்ளன. உள்ளே 5,243 கார இணைகள் கொண்ட வளைய வடிவ டி.என்.ஏ உள்ளது. இந்த டி.என்.ஏ ஓம்புயிரின் இசுட்டோன் புரதங்களின் மீது சுற்றப்பட்டிருப்பதால், உருவத்தில் ஒரு சிறிய நிறப்புரியை ஒத்திருக்கிறது.

இதனை 1960 ஆம் ஆண்டில் பெஞ்சமின் சுவீட், மாரிசு ஹில்மேன் ஆகியோர் கண்டறிந்தனர். இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து தயாரிக்கப் பயன்பட்ட செம்முகக் குரங்கின் சிறுநீரக உயிரணு வளர்ப்புகளில் இது மறைந்திருந்தது. அவ்வுயிரணுக்களில் இது கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதையும் ஏற்படுத்துவதில்லை. ஆனால் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் உயிரணுக்களில் சேர்க்கப்பட்டபோது அவற்றினுள் வெற்றிடக் குமிழ்கள் தோன்றின. இதன் மூலமே தீநுண்மம் வெளிப்பட்டது.

1955 முதல் 1963 வரை வழங்கப்பட்ட இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துகளில் ஒரு பகுதி எஸ்வி40 கலந்ததாக இருந்தது. மருந்திலிருந்த இளம்பிள்ளைவாதத் தீநுண்மத்தைச் செயலிழக்கச் செய்த ஃபார்மால்டிகைடு, எஸ்வி40-ஐ முழுமையாக அழிக்கவில்லை. இத்தீநுண்மம் வெள்ளெலிக் குட்டிகளில் புற்றுக்கட்டிகளைத் தோற்றுவித்ததால், மனிதரில் அது என்ன விளைவை ஏற்படுத்தும் என்ற கேள்வி எழுந்தது. இது குறித்து ஆராய்ந்த அமெரிக்க மருத்துவக் கழகம் 2002 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில், கலப்புற்ற தடுப்பு மருந்து மனிதரில் புற்றுநோயை உண்டாக்கியது என்பதை ஏற்கவோ மறுக்கவோ கிடைத்துள்ள சான்றுகள் போதுமானவை அல்ல என்று தெரிவித்தது.

ஆய்வு வரலாறு

எஸ்வி40 இரட்டிப்பு பற்றிய அறிவு படிப்படியாக வளர்ந்தது.

1972 ஆம் ஆண்டில் கேத்லீன் டானா, டேனியல் நேத்தன்சு ஆகியோர் வெட்டு நொதிகளைப் பயன்படுத்தி, எஸ்வி40 இரட்டிப்பு வளையத்தின் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் தொடங்கி இரு திசைகளிலும் செல்கிறது எனக் காட்டினர். வெட்டு நொதிகள் தொடர்பான பணிக்காக நேத்தன்சு 1978 ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

அதே 1972 ஆம் ஆண்டில் பீட்டர் டெக்மேயர், வெப்பநிலை உயர்ந்தால் டி புரதம் செயலிழக்கும் திரிபுகளை ஆராய்ந்தார். வெப்பநிலையை உயர்த்தியபோது ஏற்கெனவே தொடங்கிவிட்ட இரட்டிப்பு முடிவடைந்தது. ஆனால் புதிய இரட்டிப்பு தொடங்கவில்லை. தீநுண்மத்தின் ஒரு புரதம் தொடக்கத்திற்கு இன்றியமையாதது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

1978 ஆம் ஆண்டில் எஸ்வி40-இன் முழு டி.என்.ஏ வரிசை வெளியிடப்பட்டது.

1984 ஆம் ஆண்டில் ஜோக்கிம் லீ, தாமசு கெல்லி ஆகியோர் இரட்டிப்பை உயிரணுவுக்கு வெளியே ஆய்வுக்குழாயில் நிகழ்த்திக் காட்டினர். குரங்கு உயிரணுக்களின் சாறு, எஸ்வி40 தோற்றுவாய் கொண்ட டி.என்.ஏ, தூய்மைப்படுத்தப்பட்ட டி புரதம் ஆகியவை இதற்குப் போதுமானவையாக இருந்தன. அடுத்த ஆண்டே புரூசு இசுட்டில்மேன், யாக்கோவ் குளூசுமன் ஆகியோர் மனித உயிரணுச் சாற்றைக் கொண்டும் இதனைச் செய்தனர்.

இதன் பின்னர் ஆய்வின் வழிமுறை எளிதாயிற்று. உயிரணுச் சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, எப்பகுதியை நீக்கினால் இரட்டிப்பு நின்றுவிடுகிறது, எதைத் திரும்பச் சேர்த்தால் மீள்கிறது எனப் பார்த்தனர். இவ்வாறு ஆர்.பி.ஏ, ஆர்.எஃப்.சி போன்ற மனிதப் புரதங்கள் கண்டறியப்பட்டன, பி.சி.என்.ஏ.வின் பணியும் விளங்கியது. 1994 ஆம் ஆண்டில் முற்றிலும் தூய்மைப்படுத்தப்பட்ட புரதங்களை மட்டும் கொண்டே முழு இரட்டிப்பும் நிகழ்த்தப்பட்டது. கெல்லியும் இசுட்டில்மேனும் 2010 ஆம் ஆண்டின் லூயிசா குரோசு ஹார்விட்சு பரிசைப் பெற்றனர்.

பங்குபெறும் கூறுகள்

தோற்றுவாய்

இரட்டிப்பு தொடங்கும் இடம் தோற்றுவாய் எனப்படும். எஸ்வி40-இல் இதன் மையப்பகுதி 64 கார இணைகள் நீளமுடையது. இதில் மூன்று பிரிவுகள் உள்ளன.

* நடுப்பகுதி: ஜி-ஏ-ஜி-ஜி-சி என்னும் ஐந்தெழுத்து வரிசை இங்கு நான்கு முறை வருகிறது. டி புரதம் அடையாளம் காண்பது இவ்வரிசையையே.
* ஒரு பக்கத்தில் உள்ள முன்பின் ஒத்த வரிசை: இழைகள் முதலில் பிரிவது இங்குதான்.
* மறுபக்கத்தில் உள்ள 17 கார இணைகள் கொண்ட பகுதி: இது அடினின், தைமின் மிகுந்தது. இவ்விரு காரங்களுக்கிடையே இரு ஐதரசன் பிணைப்புகளே உள்ளதால் இப்பகுதி எளிதில் நெகிழும்.

பெரிய டி புரதம்

டி புரதம் 708 அமினோ அமிலங்களால் ஆனது. புற்றுக்கட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே இதன் பெயரில் உள்ள 'டி' ஆகும். இது பல பணிகளுக்கான தனித்தனிப் பகுதிகளைக் கொண்டது.

* தொடக்க முனையில் உள்ள ஜே பகுதி, உயிரணுவின் எச்.எஸ்.சி70 என்னும் துணைப்புரதத்துடன் இணைகிறது.
* அடுத்து வரும் பகுதியில் ரெட்டினோபிளாசுட்டோமா புரதத்தைப் பற்றும் குறுவரிசையும், உட்கருவுக்குள் நுழைய உதவும் ஏழு அமினோ அமில வரிசையும் உள்ளன. இரண்டாவதாகக் கூறிய வரிசை 1984 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. உட்கருவுக்குச் செல்லும் 'முகவரி' புரதத்திலேயே எழுதப்பட்டுள்ளது என்பதற்கு அது தொடக்ககாலச் சான்றாக அமைந்தது.
* தோற்றுவாயைப் பற்றும் பகுதி, ஐந்தெழுத்து வரிசையை அடையாளம் காண்கிறது.
* ஹெலிக்கேசு பகுதி, ஏ.டி.பி.யைச் சிதைத்துப் பெறும் ஆற்றலால் இழைகளைப் பிரிக்கிறது. இதன் முப்பரிமாண அமைப்பு 2003 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஆறு மூலக்கூறுகள் சேர்ந்து நடுவே துளையுடைய வளையமாக அமைவதை அது காட்டியது.

மனிதப் புரதங்கள்

* ஆர்.பி.ஏ: 70, 32, 14 கிலோடால்டன் எடையுள்ள மூன்று துணையலகுகளால் ஆனது. பிரிந்த ஒற்றை இழையைப் போர்த்தி, அது மீண்டும் இணையாமல் காக்கிறது.
* டோப்போஐசோமரேசு 1: இழைகள் பிரியும்போது முன்னால் ஏற்படும் முறுக்கத்தைத் தளர்த்துகிறது.
* பாலிமரேசு ஆல்ஃபா-பிரைமேசு: நான்கு துணையலகுகள் கொண்டது. தொடக்கி இழையை அமைக்கிறது.
* ஆர்.எஃப்.சி: ஐந்து துணையலகுகள் கொண்டது. பி.சி.என்.ஏ வளையத்தைத் திறந்து டி.என்.ஏ.வின் மீது பூட்டுகிறது.
* பி.சி.என்.ஏ: மூன்று ஒத்த மூலக்கூறுகளால் ஆன வளையம். பாலிமரேசு டி.என்.ஏ.வை விட்டு விலகாமல் பிடித்து வைக்கிறது.
* பாலிமரேசு டெல்டா: புதிய இழையின் பெரும்பகுதியை உருவாக்குகிறது.
* எஃப்.இ.என்1, ஆர்.என்.ஏசு எச், டி.என்.ஏ லிகேசு 1: தொடக்கிகளை நீக்கித் துண்டுகளை ஒட்டுகின்றன.
* டோப்போஐசோமரேசு 2: இறுதியில் பின்னிக்கிடக்கும் இரு வளையங்களைப் பிரிக்கிறது.

தொடக்கத்தின் படிநிலைகள்

1. உயிரணுவை ஆயத்தப்படுத்துதல்

உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் எப்போதும் டி.என்.ஏ.வை இரட்டித்துக் கொண்டிருப்பதில்லை. உயிரணு சுழற்சியின் எஸ் கட்டத்தில் மட்டுமே இரட்டிப்புக்கான புரதங்கள் போதிய அளவில் கிடைக்கின்றன. ஆகவே டி புரதத்தின் முதற்பணி உயிரணுவை எஸ் கட்டத்திற்குள் தள்ளுவதாகும்.

இயல்பு நிலையில் ரெட்டினோபிளாசுட்டோமா புரதம், இ2எஃப் என்னும் காரணியைப் பிடித்து வைத்து, இரட்டிப்புக்கான மரபணுக்கள் வெளிப்படாமல் தடுக்கிறது. டி புரதம் இத்தடுப்பை நீக்கி இ2எஃப் காரணியை விடுவிக்கிறது. இவ்வாறு ஒழுங்கின்றித் தூண்டப்பட்ட உயிரணு, பி53 என்னும் புரதத்தின் வழியாகத் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளவோ தன்னைத்தானே அழித்துக்கொள்ளவோ முனையும். டி புரதம் பி53-ஐயும் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. பி53 புரதம் 1979 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டதே, அது டி புரதத்துடன் ஒட்டிக்கொண்டு வந்ததால்தான். பின்னாளில் அது மனிதப் புற்றுநோய்களில் மிகுதியாகத் திரிபடையும் மரபணுவின் விளைபொருள் என அறியப்பட்டது.

2. டி புரதத்தின் முடுக்கம்

டி புரதம் உருவானவுடனேயே இரட்டிப்பைத் தொடங்குவதில்லை. அதன் 124 ஆவது இடத்தில் உள்ள திரியோனின் மீது பாசுபேட்டுத் தொகுதி ஒன்று சேர்க்கப்பட வேண்டும். இதனைச் செய்வது உயிரணுவின் சைக்ளின் சார்ந்த கைனேசு ஆகும். மாறாக, 120, 123 ஆவது இடங்களில் உள்ள செரின்களின் மீது பாசுபேட்டு இருந்தால் தொடக்கம் தடைப்படும். அவற்றை உயிரணுவின் புரதப் பாசுபட்டேசு 2ஏ நீக்குகிறது. சைக்ளின் சார்ந்த கைனேசுகளே உயிரணு சுழற்சியையும் இயக்குவதால், உயிரணு ஆயத்தமாக உள்ளதா என்ற செய்தி இவ்வழியாகத் தீநுண்மத்தின் புரதத்தை எட்டுகிறது.

3. தோற்றுவாயைப் பற்றுதலும் இரட்டை வளையமும்

ஏ.டி.பி இருக்கும் சூழலில், டி புரத மூலக்கூறுகள் தோற்றுவாயின் ஐந்தெழுத்து வரிசைகளின் மீது கூடுகின்றன. முதலில் ஆறு மூலக்கூறுகள் ஒரு வளையமாகவும், பின்னர் மேலும் ஆறு மூலக்கூறுகள் மற்றொரு வளையமாகவும் டி.என்.ஏ.வைச் சூழ்ந்து அமைகின்றன. இவ்விரு வளையங்களும் தொடக்க முனைகளால் ஒன்றையொன்று எதிர்நோக்கி இணைந்திருக்கும்.

இரட்டை வளையம் அமையும்போது டி.என்.ஏ.வின் வடிவம் மாறுகிறது. முன்பின் ஒத்த வரிசையில் ஏறத்தாழ எட்டுக் கார இணைகள் பிரிந்து திறக்கின்றன. மறுபக்கத்தில் அடினின், தைமின் மிகுந்த பகுதியின் முறுக்கு தளர்கிறது. இத்திறப்புக்கு ஏ.டி.பி பிணைவதே போதுமானது. ஆனால் அதற்கு மேல் இழைகளைப் பிரித்துச் செல்ல ஏ.டி.பி சிதைக்கப்பட வேண்டும்.

4. இழை பிரிதல்

ஹெலிக்கேசாகச் செயற்படும் ஒவ்வொரு வளையமும் தான் தழுவியுள்ள இழையின் மீது 3' முனையிலிருந்து 5' முனை நோக்கி நகர்கிறது. இரு வளையங்களும் எதிர்த்திசைகளில் செல்வதால் இரட்டிப்பும் இரு திசைகளில் பரவுகிறது. இரு வளையங்களும் பிரியாமல் ஒன்றாக நின்று டி.என்.ஏ.வை உள்ளிழுக்கின்றன என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஒற்றை மூலக்கூறுகளை நோக்கும் நுட்பத்தின் மூலம், தனித்த ஒரு வளையமும் இழைகளைப் பிரித்துச் செல்ல வல்லது என 2012 ஆம் ஆண்டில் காட்டப்பட்டது.

பிரிந்த இழைகளின் மீது ஆர்.பி.ஏ உடனுக்குடன் ஏற்றப்படுகிறது. டி புரதம் ஆர்.பி.ஏ.வை நேரடியாகப் பற்றி, புதிதாக வெளிப்படும் இழையின் மீது வைக்கிறது. மனித உட்கருவில் மிகுதியாகக் காணப்படும் டோப்போஐசோமரேசு 1 நொதியும் டி புரதத்துடன் இணைந்து முன்னேறுகிறது.

5. தொடக்கி அமைதல்

இதுவே தொடக்கத்தின் முடிவான படிநிலை ஆகும். ஒற்றை இழை ஆர்.பி.ஏ.வால் இறுகப் போர்த்தப்பட்டிருந்தால் பிரைமேசு அதனை அணுக இயலாது. டி புரதம் ஒரே நேரத்தில் ஆர்.பி.ஏ.வையும் பாலிமரேசு ஆல்ஃபா-பிரைமேசையும் பற்றுகிறது. ஆர்.பி.ஏ.வின் பிடியை ஓரிடத்தில் தளர்த்தி, வெளிப்பட்ட இழையைப் பிரைமேசிடம் ஒப்படைக்கிறது. பிரைமேசு ஏறத்தாழ பத்து நியூக்கிளியோட்டைடு நீளமுள்ள ஆர்.என்.ஏ தொடக்கியை அமைக்கிறது. அதே கூட்டில் உள்ள பாலிமரேசு ஆல்ஃபா அதனைச் சிறிது தொலைவு டி.என்.ஏ.வாக நீட்டிக்கிறது.

இங்கு நிகழ்வது வெறும் வேதிவினை அன்று, புரதங்களுக்கிடையேயான குறிப்பிட்ட ஓர் உறவு என்பதை ஒரு சோதனை தெளிவாக்குகிறது. எசரிக்கியா கோலி பாக்டீரியாவின் ஒற்றை இழைப் பிணைப்புப் புரதத்தை ஆர்.பி.ஏ.வுக்கு மாற்றாகச் சேர்த்தால், டி புரதம் இழைகளைத் தடையின்றிப் பிரிக்கிறது. ஆனால் இரட்டிப்பு நிகழ்வதில்லை. பாக்டீரியப் புரதமும் ஒற்றை இழையைப் போர்த்துகிறது. எனினும் டி புரதத்துடனும் பிரைமேசுடனும் அதற்கு உரிய தொடர்பு இல்லை.

6. பாலிமரேசு மாற்றமும் நிறைவும்

பாலிமரேசு ஆல்ஃபாவுக்குத் தன் பிழைகளைத் திருத்தும் திறன் இல்லை. ஆகவே அது விரைவில் விலக்கப்படுகிறது. ஆர்.எஃப்.சி தொடக்கியின் முனையை அடையாளம் கண்டு பி.சி.என்.ஏ வளையத்தைப் பூட்டுகிறது. அதன் மீது பாலிமரேசு டெல்டா அமர்ந்து இழையை நீட்டிக்கிறது. முன்செல்லும் இழை தொடர்ச்சியாகவும், பின்தங்கும் இழை ஒகசாகி துண்டுகளாகவும் உருவாகின்றன. வளையத்தின் எதிர்ப்புறத்தில் இரு கவைகளும் சந்திக்கும்போது இரட்டிப்பு நிறைவடைகிறது. சங்கிலிக் கண்ணிகளைப் போலப் பின்னிய நிலையில் உள்ள இரு புதிய வளையங்களையும் டோப்போஐசோமரேசு 2 பிரிக்கிறது.

ஓம்புயிர் வரம்பு

எஸ்வி40 குரங்கு உயிரணுக்களில் நன்றாகவும், மனித உயிரணுக்களில் குறைந்த அளவிலும் பெருகுகிறது. ஆனால் எலியின் உயிரணுக்களில் இரட்டிப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, எலிப் பாலியோமா தீநுண்மம் எலியின் உயிரணுக்களில் இரட்டிக்கிறது.

இவ்வேறுபாட்டின் காரணம் 1986 ஆம் ஆண்டில் ஜெரார்டு ஹர்விட்சின் ஆய்வுக்குழுவினரால் விளக்கப்பட்டது. எலி உயிரணுச் சாற்றில் எஸ்வி40 டி.என்.ஏ.வையும் டி புரதத்தையும் சேர்த்தபோது இரட்டிப்பு நிகழவில்லை. அதனுடன் மனிதப் பாலிமரேசு ஆல்ஃபா-பிரைமேசைச் சேர்த்தவுடன் இரட்டிப்பு நிகழ்ந்தது. எலியிலும் இந்நொதி உள்ளது, எலியின் டி.என்.ஏ.வை அது குறைவின்றி இரட்டிக்கிறது. எனினும் எஸ்வி40-இன் டி புரதத்துடன் அது உரியவாறு பொருந்துவதில்லை. ஒரு தீநுண்மம் எந்த விலங்கில் பெருகும் என்பதை இரு புரதங்களின் பொருத்தமே முடிவுசெய்ய முடியும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

மனித உயிரணுவின் இரட்டிப்புடன் ஒப்பீடு

மனித உயிரணுவில் தோற்றுவாய்களைக் குறிப்பது ஆறு துணையலகுகள் கொண்ட ஓ.ஆர்.சி கூட்டமைப்பு ஆகும். அதனுடன் சி.டி.சி6, சி.டி.டி1 ஆகியவை சேர்ந்து, எம்.சி.எம்2-7 என்னும் ஹெலிக்கேசு வளையங்களை இரட்டையாக டி.என்.ஏ.வின் மீது ஏற்றுகின்றன. இது ஜி1 கட்டத்தில் நிகழ்கிறது. எஸ் கட்டத்தில் சி.டி.சி45, ஜி.ஐ.என்.எஸ் ஆகியவை இணைந்த பின்னரே அவ்வளையங்கள் இயங்கத் தொடங்குகின்றன. எஸ்வி40-இல் இத்தனை பணிகளையும் டி புரதம் ஒன்றே செய்கிறது.

இரண்டுக்கும் இடையே முக்கியமான வேறுபாடுகளும் உள்ளன.

* மனித டி.என்.ஏ.வின் ஒவ்வொரு பகுதியும் ஓர் உயிரணு சுழற்சியில் ஒருமுறை மட்டுமே இரட்டிக்கும். வளையங்களை ஏற்றும் கட்டமும் இயக்கும் கட்டமும் வெவ்வேறாக இருப்பதே இதனை உறுதி செய்கிறது. எஸ்வி40-க்கு இக்கட்டுப்பாடு இல்லை. அதன் தோற்றுவாய் ஒரே எஸ் கட்டத்தில் மீண்டும் மீண்டும் செயற்படுவதால், ஓர் உயிரணுவில் பல்லாயிரம் படிகள் உருவாகின்றன.
* மனித உயிரணுவில் முன்செல்லும் இழையைப் பெரும்பாலும் பாலிமரேசு எப்சிலான் உருவாக்குகிறது. எஸ்வி40-இல் இரு இழைகளையும் பாலிமரேசு டெல்டாவே உருவாக்குகிறது.
* மனிதத் தோற்றுவாய்களுக்கு எஸ்வி40-இல் உள்ளது போன்ற திட்டவட்டமான குறுவரிசை இல்லை.

ஆகவே எஸ்வி40 இழை நீட்சிக்கு நல்ல மாதிரியாகவும், தொடக்கத்தின் கட்டுப்பாட்டுக்குப் போதாத மாதிரியாகவும் அமைகிறது. மெய்க்கருவுயிரியின் சொந்தத் தோற்றுவாயிலிருந்து தூய்மைப்படுத்தப்பட்ட புரதங்களைக் கொண்டு இரட்டிப்பைத் தொடங்குவது, நொதியத்தின் (ஈசுட்டின்) புரதங்களைக் கொண்டு 2015 ஆம் ஆண்டில்தான் கைகூடியது. எஸ்வி40-இல் அது நிறைவேறி அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது.

பிற தீநுண்மங்கள்

டி.என்.ஏ தீநுண்மங்கள் ஓம்புயிரின் புரதங்களைச் சார்ந்திருக்கும் அளவு ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது.

* மனிதப் பாப்பிலோமா தீநுண்மம்: ஏறத்தாழ 8,000 கார இணைகள் கொண்டது. இதன் இ1 புரதம் டி புரதத்தைப் போன்ற ஹெலிக்கேசு ஆகும். ஆனால் இ1 தனித்துத் தோற்றுவாயை உறுதியாக அடையாளம் காண இயலாததால், இ2 என்னும் மற்றொரு புரதம் அதனை அங்குக் கொண்டு சேர்க்கிறது. இ1 பின்னர் மனித உயிரணுவின் பாலிமரேசு ஆல்ஃபா-பிரைமேசு, ஆர்.பி.ஏ, டோப்போஐசோமரேசு 1 ஆகியவற்றை அழைக்கிறது.
* எப்சுடீன்-பார் தீநுண்மம்: உறங்குநிலையில் இதன் ஈ.பி.என்.ஏ1 புரதம் மனிதரின் ஓ.ஆர்.சி.யையே தன் தோற்றுவாய்க்கு அழைக்கிறது. ஆகவே இது மனித டி.என்.ஏ.வைப் போலச் சுழற்சிக்கு ஒருமுறை மட்டுமே இரட்டிக்கிறது.
* அடினோ தீநுண்மம்: தனக்கெனப் பாலிமரேசைக் கொண்டது. ஆர்.என்.ஏ.வுக்குப் பதிலாக ஒரு புரதத்தையே தொடக்கியாகப் பயன்படுத்துகிறது. மனிதரின் என்.எஃப்.ஐ, ஆக்ட்-1 என்னும் புரதங்கள் இதன் தொடக்கத்தை விரைவுபடுத்துகின்றன.
* எளிய எர்ப்பீசு தீநுண்மம்: தோற்றுவாயைப் பற்றும் புரதம், ஹெலிக்கேசு-பிரைமேசு, பாலிமரேசு ஆகிய அனைத்தையும் தானே உருவாக்குகிறது.

மருத்துவ முக்கியத்துவம்

தீநுண்மம் தனக்கெனப் பாலிமரேசைக் கொண்டிருந்தால், மனித நொதியைத் தொடாமல் அதனை மட்டும் தடுக்கும் மருந்தை உருவாக்க இயலும். எர்ப்பீசு தீநுண்மங்களுக்கு எதிரான அசைக்குளோவிர் இவ்வாறு செயற்படுகிறது. அத்தீநுண்மங்களின் ஹெலிக்கேசு-பிரைமேசைத் தடுக்கும் அமனமெவிர் என்னும் மருந்துக்குச் சப்பான் நாடு 2017 ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பாலியோமா, பாப்பிலோமா தீநுண்மங்களோ மனிதப் பாலிமரேசுகளையே பயன்படுத்துவதால், பாலிமரேசைத் தடுத்தால் நோயாளியின் உயிரணுக்களும் பாதிக்கப்படும். எனவே தீநுண்மத்தின் ஹெலிக்கேசும், அது மனிதப் புரதங்களைப் பற்றும் இடங்களுமே மருந்து ஆய்வுக்கு எஞ்சும் இலக்குகளாக உள்ளன.

இது ஏட்டளவிலான சிக்கல் அன்று. 1971 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பிகே, ஜேசி என்னும் மனிதப் பாலியோமா தீநுண்மங்கள் எஸ்வி40-இன் நெருங்கிய உறவினங்கள் ஆகும். பெரும்பாலான மனிதரிடம் இவை தீங்கின்றி மறைந்து வாழ்கின்றன. நோயெதிர்ப்பு குன்றும்போது பிகே தீநுண்மம் மாற்றுச் சிறுநீரகத்தைச் சிதைக்கலாம். ஜேசி தீநுண்மம் மூளையின் வெண்பொருளை அழிக்கும் கொடிய நோயை ஏற்படுத்தலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரிடம் பிகே தீநுண்மம் பெருகினால், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் குறைப்பதே முதன்மையான வழியாக உள்ளது. அவ்வாறு குறைத்தால் உடல் அச்சிறுநீரகத்தை ஏற்க மறுக்கும் இடர் கூடுகிறது.

மெர்க்கெல் உயிரணுப் பாலியோமா தீநுண்மம் 2008 ஆம் ஆண்டில் யுவான் சாங், பேட்ரிக் மூர் ஆகியோரின் ஆய்வுக்குழுவினரால் மெர்க்கெல் உயிரணுப் புற்றுநோய் என்னும் அரிய தோல் புற்றுநோயில் கண்டறியப்பட்டது. அப்புற்றுக்கட்டிகளில் தீநுண்மத்தின் டி.என்.ஏ மனித நிறப்புரியுடன் இணைந்துள்ளது. அங்குள்ள டி புரதத்தின் ஹெலிக்கேசு பகுதி திரிபுகளால் துண்டிக்கப்பட்டிருக்கும். ஆனால் ரெட்டினோபிளாசுட்டோமா புரதத்தைப் பற்றும் பகுதி அப்படியே இருக்கும். முழுமையான டி புரதம் நிறப்புரியின் நடுவே உள்ள தோற்றுவாயில் மீண்டும் மீண்டும் இரட்டிப்பைத் தொடங்கி, அந்நிறப்புரியையே சிதைத்துவிடும் என்பதே இதற்கான விளக்கமாகும். உயிரணுவைப் பெருகத் தூண்டும் பணியும், இரட்டிப்பைத் தொடங்கும் பணியும் ஒரே புரதத்தில் இருந்தாலும் அவை வெவ்வேறானவை என்பதை இயற்கையே இங்குப் பிரித்துக் காட்டுகிறது.

பயன்பாடுகள்

1981 ஆம் ஆண்டில் குளூசுமன், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் உயிரணுக்களில் டி புரதத்தின் மரபணுவை நிலையாகச் சேர்த்துக் காசு எனப்படும் உயிரணு வழிகளை உருவாக்கினார். எஸ்வி40 தோற்றுவாய் கொண்ட எந்தப் பிளாசுமிடும் இவ்வுயிரணுக்களில் பல படிகளாகப் பெருகும். இதனால் விரும்பிய புரதத்தை மிகுதியாகப் பெற இயல்கிறது. டி புரதம் கொண்ட மனித உயிரணு வழியான 293டி இதே வகையைச் சார்ந்தது. இவை இரண்டும் உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்பாட்டில் உள்ளன.

இரட்டித்த டி.என்.ஏ.வின் மீது இசுட்டோன்களை அடுக்கும் சி.ஏ.எஃப்-1 என்னும் மனிதப் புரதமும், 1989 ஆம் ஆண்டில் எஸ்வி40 ஆய்வுக்குழாய் முறையின் மூலமே கண்டறியப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* டி.என்.ஏ இரட்டிப்பு
* ஹெலிக்கேசு
* பி53
* மனிதப் பாப்பிலோமா தீநுண்மம்
* உயிரணு சுழற்சி